மெத்தடோன் ஒரு நாள் முழுக்க வலியை அடக்குமாம்!

மருந்துப்பெட்டி:

பக்கத்துத் திரியில் நாள்பட்ட வலியைப் பற்றியும், மார்ஃபினைப் போன்ற ஓபியாய்டு (அபினி வகை) மருந்தான மெத்தடோனைப் பற்றியும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஏற்பிநேசன் திருவாய் மலர்ந்தது இது: "மெத்தடோனின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். ஆகவே ஒரு மாத்திரை போட்டால் ஒரு நாள் முழுக்க வலி அண்டாது. நான்கு மணிக்கொரு தரம் மார்ஃபின் விழுங்குபவர்கள் ஏன் இதற்கு மாறுவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை." கீழே லைக் குவிந்து கிடக்கிறது. அங்கேயே பதில் எழுதினால் அடியில் புதைந்துபோகும். அதனால் தனித் திரி.

அரை ஆயுள் என்பது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். வலி நிற்கும் நேரம் அல்ல. மெத்தடோனுடைய அமெரிக்க மருந்துக் குறிப்பில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன: அரை ஆயுள் 8 முதல் 59 மணி நேரம், வலி அடங்குவது 4 முதல் 8 மணி நேரம். எட்டு, சார். இருபத்துநான்கு அல்ல.

இதில் நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், இந்தத் தவறு ஆளைக் கொல்லும். எட்டு மணி நேரத்தில் வலி திரும்புகிறது. "ஒரு நாள் தாங்கும் என்றார்களே, நமக்கு அளவு போதவில்லை போல" என்று நோயாளி இன்னொன்று போடுகிறார். முதல் மாத்திரையின் பெரும்பங்கு இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. அதன் மேல் இது, இதன் மேல் அடுத்தது. மெத்தடோன் மூச்சை மந்தமாக்குவது, வலியை அடக்குவதைவிடத் தாமதமாக உச்சத்துக்கு வரும், அதிக நேரமும் நீடிக்கும். அதனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு ராத்திரி தூங்கப் போனவர் எழுந்திருப்பதில்லை. வலிக்காக மெத்தடோன் எடுத்தவர்கள் இப்படி இறந்ததால்தான் 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. அதைப் படிக்காமல் "ஏன் மாறுவதில்லை, புரியவில்லை" என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஏற்பிநேசன்:

என் பெயருக்குத் தனித் திரி போட்டுக் கௌரவித்ததற்கு நன்றி. பெட்டி சாருக்கு என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் தூக்கம் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் சொன்னது ஏற்பிகளைப் பற்றிய, அதாவது மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் செல் புரதங்களைப் பற்றிய, அடிப்படைப் பாடம். கேண்டஸ் பெர்ட் 1973-ல் கண்டுபிடித்த அதே ஓபியாய்டு ஏற்பி. மெத்தடோன் போய் உட்காருவது அதில் மியூ வகையில். உட்கார்ந்ததும் செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதம் வேலையைத் தொடங்குகிறது. தண்டுவடத்தின் பின்கொம்பில் வந்து முடியும் வலி நரம்பின் நுனியில் கால்சியம் வாயில்கள் மூடுகின்றன. வலிச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி எதுவும் வெளியே கொட்டுவதில்லை. எதிரே இருக்கும் நரம்புச் செல்லில் பொட்டாசியம் வாயில்கள் திறந்து அதுவும் அடங்கிவிடுகிறது. வலிச் செய்தி மேலே ஏற வழியே இல்லை. மருந்து அங்கே இருக்கும்வரை இது நடந்துகொண்டுதான் இருக்கும். சாவி பூட்டுக்குள் இருக்கும்வரை கதவு திறந்துதானே கிடக்கும்?

இன்னொன்று. 1965-ல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் இருவரும் ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் கொடுக்கலாம் என்று எழுதியதிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் கொடுக்கிறார்கள். 24 மணி நேரம் வேலை செய்யாத மருந்தை அறுபது வருடமாக ஒரு வேளை கொடுப்பவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

மருந்துப்பெட்டி:

அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வலிக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பழக்கத்துக்காகத் தினமும் ஒரு வேளை மெத்தடோன் குடிப்பவருக்குக் கால் முறிந்தால் என்ன நடக்கும்? உங்கள் கணக்குப்படி அவருக்கு வலிக்கவே கூடாது. ஆனால் வலிக்கும். நன்றாகவே வலிக்கும். காலையில் குடித்த மெத்தடோனைக் காட்டி "உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஓபியாய்டு உள்ளே இருக்கிறதே" என்று வலி மருந்து மறுக்கக் கூடாது என்பதை மயக்கவியல் படிப்பவர்களுக்கு வலியுறுத்திச் சொல்லித் தருகிறார்கள். ஒரே மருந்து, ஒரே ஆள், ஒரே ஏற்பி. ஹெராயின் ஏக்கமும், பழகிய மருந்து நின்றால் வரும் விலகல் நடுக்கமும் 24 மணி நேரம் அடங்கிக் கிடக்கின்றன. வலி எட்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது.

காரணம் மாயம் ஒன்றுமில்லை. மெத்தடோன் ரத்தத்தில் ஏறி உச்சம் தொட்டதும் கொழுப்பு, கல்லீரல் என்று திசுக்களுக்குள் பதுங்கப் போய்விடும். அந்த முதல் இறக்கம் வேகமானது. வலி நிவாரணம் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு இழுத்துக்கொண்டே போகும் நீண்ட கடைசிக் கட்டம்தான் உங்கள் அரை ஆயுள். அதில் மிஞ்சியிருக்கும் அளவு நடுக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும், வலிக்குப் பத்தாது.

உங்கள் சாவிக்கதை உண்மையென்றால் ஃபென்டனில் என்ற இன்னொரு ஓபியாய்டை விளக்குங்கள். ஊசியால் சிரையில் ஒரு முறை செலுத்தினால் வலி அடங்குவது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதன் அரை ஆயுளோ பல மணி நேரம். எங்கே போனது பூட்டு?

கேள்விக்குறி:

ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் பேசுவது முதல் மாத்திரையைப் பற்றியா, இல்லை பல நாள் தொடர்ந்து எடுத்து உடம்பில் நிலைத்த பிறகு கிடைக்கும் நேரத்தைப் பற்றியா? இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்காதே. முதலில் அதை முடிவு செய்துகொண்டு பேசலாமே.

செம்பருத்தி:

வலி நிவாரணப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சண்டைக்கு வரவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

மெத்தடோன் தொடங்கிய முதல் நாள் நாங்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மூன்றாம் நாளிலிருந்துதான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம் வரும். கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் கண் சொருகும். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டே தலை தொங்கிவிடும். சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "பாவம், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்பார்கள். அந்த நிம்மதியான தூக்கம்தான் எங்களுக்குக் கலக்கம். போர்வையை விலக்கி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலையெல்லாம் அங்கே ஆகாது. இடையில் ஒரு நீண்ட இடைவெளி விழுந்தால் அது கணக்கில் வராமல் போய்விடும்.

வலி எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எட்டு மணிக்குக் கூப்பிடுபவரும் உண்டு, அதற்கு மேல் தாங்குபவரும் உண்டு.

ஏற்பிநேசன்:

நன்றி அக்கா. "அதற்கு மேல் தாங்குபவரும் உண்டு." எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டி சார் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். அவர் எடுத்துக்காட்டிய அதே மருந்துக் குறிப்பில் "4 முதல் 8 மணி நேரம்" என்பதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில சொற்கள் இருக்கின்றன: ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில். அதை வசதியாக விழுங்கிவிட்டார். தொடர்ந்து எடுக்கும்போது மருந்து கல்லீரலில் தங்கி, மெல்ல மெல்ல வெளிவந்து, வேலை செய்யும் நேரத்தை நீட்டிக்கும் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. பாதி வாக்கியத்தைக் காட்டி வாதாடுவது யாருடைய பழக்கம் என்று இங்குள்ள பழைய உறுப்பினர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருந்துப்பெட்டி:

அப்படியா? நீட்டிக்கும். எவ்வளவு நீட்டிக்கும்? அதையும் சொல்லியிருக்கலாமே. அதே குறிப்பு வலிக்கு மெத்தடோன் தொடங்கும்போது எத்தனை மணிக்கொரு தரம் கொடுக்கச் சொல்கிறது? 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு தரம். 24 என்று எந்த மூலையில் இருக்கிறது என்று காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஏற்பிநேசன்:

பன்னிரண்டு! பார்த்தீர்களா? நேற்று எட்டு என்று அடித்துச் சொன்னவர் இன்றைக்குப் பன்னிரண்டுக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் பேசினால் இருபத்துநான்குக்கு அவரே வந்து சேருவார்.

மருந்துப்பெட்டி:

நான் எங்கும் வரவில்லை. மாத்திரை கொடுக்கும் இடைவெளி வேறு, ஒரு மாத்திரை வலியை அடக்கும் நேரம் வேறு. ஒரு மாத்திரைக்கு எட்டு. முதல் பதிவில் சொன்னது எட்டு, இப்போது சொல்வதும் எட்டு.

கடைசிபெஞ்ச்:

எட்டு ஒரு தரம்... பன்னிரண்டு இரண்டு தரம்... இருபத்துநான்கு கேட்ட புண்ணியவான் கையைத் தூக்கினால் ஏலத்தை முடித்துவிடலாம்.

வரலாற்றுப்பித்தன்:

மணிக்கணக்கு எக்கேடும் கெட்டுப் போகட்டும். "கேண்டஸ் பெர்ட் கண்டுபிடித்த ஏற்பி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஏற்பிநேசன். 1973-ல் மூன்று குழுக்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாமல், இந்த ஏற்பி இருப்பதைக் காட்டின. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்னைடரும் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த பெர்ட்டும், நியூயார்க்கில் எரிக் சைமன், ஸ்வீடனில் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸ். பெர்ட் கதிரியக்கம் ஏற்றிய நலோக்சோனை (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) பயன்படுத்தினார், சைமன் எட்டார்ஃபின் என்ற ஓபியாய்டை. அவர்களுக்கு முன்பே கோல்ட்ஸ்டைன் 1971-ல் வழி போட்டுக் கொடுத்திருந்தார். இத்தனை பேரையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டீர்களே.

ஏற்பிநேசன்:

ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பெண்ணை ஒதுக்கியாயிற்று. 1978-ல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும், உடம்பே செய்யும் ஓபியாய்டான என்கெஃபலினுக்காக ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவருக்கும் போனது. ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்தச் சோதனையைச் செய்த பெர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நான் அவர் பெயரை மட்டும் எழுதுவது வேண்டுமென்றேதான்.

வரலாற்றுப்பித்தன்:

ஒருவருக்கு நடந்த அநியாயத்தைச் சரிசெய்ய இன்னும் இரண்டு பேருக்கு அநியாயம் செய்கிறீர்கள். சைமனுக்கும் டெரேனியஸுக்கும்கூட அந்த விருது கிடைக்கவில்லை. அவர்களுக்காக யார் அழுவது?

மருந்துப்பெட்டி:

திரி எங்கே போகிறது பாருங்கள். இதுதான் நேசன் சாரின் கைவரிசை. கேள்வி எட்டா இருபத்துநான்கா என்பது. அதற்குப் பதில் இல்லை என்றதும் லாஸ்கர் விருது வந்துவிட்டது.

ஏற்கெனவே ஒருமுறை இப்படித்தான். ஒலிசெரிடின் என்ற புது ஓபியாய்டைப் பற்றிய திரி யாருக்காவது நினைவிருக்கிறதா? "மூச்சை அடக்காத மார்ஃபின் வந்தாயிற்று, ஏற்பி கூப்பிடும் இன்னொரு புரதமான பீட்டா அரெஸ்டின்தான் வில்லன், அதைத் தொடாமல் ஜி புரதத்தை மட்டும் தட்டினால் நல்லது மட்டும் கிடைக்கும்" என்று பக்கம் பக்கமாக எழுதினார். 2005-ல் பீட்டா அரெஸ்டின் 2 இல்லாத எலிகளில் மார்ஃபின் மூச்சைக் குறைக்கவில்லை என்று ஒரு கட்டுரை வந்தது, அதுதான் அவருடைய ஆதாரம். 2020-ல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக அதே சோதனையைத் திரும்பச் செய்தன. அரெஸ்டின் இல்லாத எலிக்கும் மூச்சு குறைந்தது. ஏற்பிகள் அரெஸ்டினைக் கூப்பிடவே முடியாதபடி மாற்றிய எலிகளிலும் அதற்கு முந்தைய ஆண்டே இதே கதைதான். அந்தத் திரியில் கடைசிவரை ஒரு வரி பதில் வரவில்லை.

ஏற்பிநேசன்:

ஒலிசெரிடின் 2020 ஆகஸ்டில் ஒப்புதல் வாங்கியதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எலிக் கட்டுரை தவறென்றால் எஃப்டிஏ எப்படி ஒப்புதல் கொடுத்தது?

மருந்துப்பெட்டி:

வலியை அடக்குகிறது என்பதற்காகக் கொடுத்தது. மூச்சை அடக்காது என்பதற்காக அல்ல. 2018-ல் ஒருமுறை திருப்பி அனுப்பி, பிறகு ஒப்புதல் கொடுத்தபோதும் மற்ற ஓபியாய்டுகளுக்கு இருக்கிற அதே கட்டம் கட்டிய மூச்சு எச்சரிக்கையை இதற்கும் போட்டுத்தான் கொடுத்தது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஒலிசெரிடின் போன்ற மருந்துகளில் பக்கவிளைவு சற்றுக் குறைவாகத் தெரிந்தால், அவை ஏற்பியை முழு பலத்தோடு தட்டாமல் அரைகுறையாகத் தட்டுவதுதான் காரணம் என்று அதே 2020-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. நல்ல பாதை கெட்ட பாதை என்று பிரித்து வைத்த கதையே ஆட்டம் கண்டுவிட்டது. 1996-லேயே மியூ ஏற்பி மரபணுவை நீக்கிய எலிகளில் மார்ஃபினின் வலி நிவாரணம், இன்பம், அடிமைத்தனம் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போயின. எல்லாம் ஒரே ஏற்பி. நல்லதை மட்டும் பிய்த்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, சார். ஆசை ஆதாரம் ஆகாது.

கேள்விக்குறி:

மறுபடியும் கேட்கிறேன். முதல் வேளையா, நிலைத்த பிறகா? இதைச் சொல்லாமல் எட்டு, பன்னிரண்டு, இருபத்துநான்கு எல்லாமே அந்தரத்தில் தொங்குகின்றன.

மருந்துப்பெட்டி:

தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதீர்கள். விடை எட்டு.

நோவுநீக்கி:

எல்லோரும் ஏன் பழைய மருந்தையே கட்டி அழுகிறீர்கள்? 2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து வந்துவிட்டது. ஓபியாய்டே இல்லை. மூளைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. வலி நரம்பிலேயே இருக்கும் நாவ் 1.8 சோடியம் வாயிலை மூடிவிடுகிறது. மூச்சுப் பிரச்சினை கிடையாது, பழக்கமாகும் என்ற பயமும் கிடையாது. ஏற்பியியல் இனி அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

மருந்துப்பெட்டி:

வாருங்கள், இன்னொருவர். வயிற்றுத் தோல் அறுவைக்குப் பிறகும் பெருவிரல் எலும்பு அறுவைக்குப் பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேல். ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. ஒப்புதலும் திடீர் வலிக்கு மட்டும். நாள்பட்ட வலிக்காரர்களுக்கு அருங்காட்சியகத்தின் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

ஏற்பிநேசன்:

இந்த ஒரு விஷயத்தில் நோவுநீக்கிக்கு நானே பதில் சொல்கிறேன், பெட்டி சாரின் தயவு வேண்டாம். சோடியம் வாயில் வந்தால் ஓபியாய்டு போய்விடும் என்கிறீர்களே, 2006-ல் பாகிஸ்தான் குடும்பங்களில் வலியே தெரியாமல் பிறந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நாவ் 1.7 வாயில் வேலை செய்யாதவர்கள் அவர்கள். எல்லோரும் அந்த வாயிலை மூடும் மருந்தைத் தேடி ஓடினார்கள், வெற்றி கிடைக்கவில்லை. 2015-ல் லண்டன் குழு ஒன்று ஏன் என்று எட்டிப் பார்த்தது. அந்த வாயில் இல்லாத எலிகளின் உணர்வு நரம்புகளில் என்கெஃபலின் கூடியிருந்தது, அதாவது உடம்பே செய்யும் ஓபியாய்டு. அதே குறை உள்ள ஒரு பெண்ணுக்கு நலோக்சோன் கொடுத்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாகச் சூட்டின் வலி அவருக்குத் தெரிந்தது. நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே என் ஏற்பிதான் உட்கார்ந்திருக்கிறது.

நோவுநீக்கி:

அது 1.7. நான் சொன்னது 1.8. எண்ணைக்கூடப் படிக்காமல் பதில் எழுதுகிறீர்கள்.

ஏற்பிநேசன்:

எண்ணைப் படிக்காதவனா நான்? உங்கள் 1.8 பிறப்பதற்கு முன்பே... சரி, விடுங்கள். இந்த இடத்தில் தரமான விவாதம் நடக்காது என்று எனக்கு முன்பே தெரியும்.

மெத்தடோனுக்கே வருகிறேன், பெட்டி சார் ஓடிப்போகாமல் இருக்கட்டும். ஏற்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் முக்கியமே இல்லை என்கிறாரே, பியூப்ரெனார்ஃபின் என்ற ஓபியாய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மியூ ஏற்பியை அது பிடித்தால் உடும்புப்பிடி. நலோக்சோன் கொடுத்தாலும் லேசில் விடாது. அதனால்தான் அதில் ஏழு நாள் பட்டையே இருக்கிறது. தோலில் ஒருமுறை ஒட்டினால் ஒரு வாரம். எட்டு மணி நேரமாம், எட்டு!

மருந்துப்பெட்டி:

ஏழு நாள் நீடிப்பது பட்டை, மருந்து அல்ல. பட்டைக்குள் ஒரு வாரத்துக்கான சரக்கு இருக்கிறது, அது தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. பிய்த்தெடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் உங்கள் உடும்பு. நீண்ட நேர மருந்து என்ற பெயரில் விற்கிற பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஆக்சிகோன்டின் மாத்திரையில் இருந்த ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு பழைய ஆக்சிகோடோன்தான். மெல்லக் கரையும் மாத்திரைதான் புதிது. அதற்கும் 12 மணி நேரம் என்று அட்டையில் போட்டார்கள், அதற்கு முன்பே வலி திரும்பியவர்கள் எத்தனையோ பேர். லைப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழியில் பொதிந்த பியூபிவகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்துக்கு 72 மணி நேரம் என்ற பேச்சு வந்தது. சாதாரண பியூபிவகெய்னைவிட அது பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை என்று 2021-ல் மயக்கவியல் இதழ் ஒன்றில் கட்டுரைகள் வந்ததும், தயாரித்த நிறுவனம் அவதூறு வழக்கே போட்டது. வழக்கு தள்ளுபடியானது. மணிக்கணக்கில் பணம் இருக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் பெரிய எண் வேண்டியிருக்கிறது.

இனி உடும்புப்பிடி. ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு 16 மில்லிகிராம் பியூப்ரெனார்ஃபின் கொடுத்து நிறுத்திவிட்டு, கதிரியக்கப் பொருளை வைத்துப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் மூளையைப் பார்த்தார்கள். 4 மணி நேரம் கழித்து மியூ ஏற்பிகளில் சுமார் 70 சதவீதம் பிடிபட்டிருந்தன. 28 மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ பாதி. உங்கள் சாவிக்கணக்குப்படி ஒரு நாளைக்கு மேல் வலியே தெரியக்கூடாது. நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? பழக்கத்துக்கு என்றால் நாளுக்கு ஒரு வேளை. அதே ஆளுக்கு வலிக்கும் சேர்த்து என்றால் அதே மொத்த அளவை மூன்று நான்காகப் பிரித்து, 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு தரம். மறுபடியும் அதே எட்டு. பாதி ஏற்பிகள் பிடிபட்டிருந்தால் விலகல் வராது, வலி வரும். ஏற்பியில் மருந்து உட்கார்ந்திருப்பது ஒரு விஷயம், வலி அடங்கும் அளவுக்கு நிறைய ஏற்பிகளில் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம்.

ஏற்பிநேசன்:

அந்த ஸ்கேன் ஆய்வில் எத்தனை பேர் என்று சொல்லுங்களேன். விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர்கள், உடம்பு ஏற்கெனவே ஓபியாய்டுக்குப் பழகிப்போனவர்கள். அவர்களுடைய ஏற்பியும் முதல் முறை வலி மருந்து எடுப்பவருடைய ஏற்பியும் ஒன்றா? பழக்கம் வேறு, வலி வேறு என்று என்னைத் திட்டிவிட்டு, பழக்கத்தில் இருந்தவர்களின் ஸ்கேனை எடுத்து வந்து வலிக்குப் பொருத்துகிறீர்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மருந்துப்பெட்டி:

ஆய்வு சிறிதுதான். உங்களிடம் அதைவிடப் பெரியது இருந்தால் கொண்டு வாருங்கள். ஒரே ஒரு வேளை மெத்தடோன் 24 மணி நேரம் வலியை அடக்கியது என்று காட்டும் ஓர் ஆய்வு. ஒன்று போதும்.

செம்பருத்தி:

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. இந்தத் திரியை யாரோ ஒரு நோயாளியின் மகனோ மகளோ படித்துக்கொண்டிருக்கலாம். எட்டோ பன்னிரண்டோ, வலி திரும்பினால் தானாக இன்னொரு மாத்திரை போடாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நலோக்சோன் கொடுத்து எழுப்பிய பிறகும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நலோக்சோன் சீக்கிரம் இறங்கிவிடும், மெத்தடோன் இறங்காது. எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி மயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதை யாராவது முதல் பதிவில் சேர்த்தால் நல்லது.

மருந்துப்பெட்டி:

நான் முதல் பதிவிலேயே எழுதியது அதுதான், அக்கா. எட்டு மணி நேரத்தில் வலி இறங்கும், மருந்து இறங்காது.

ஏற்பிநேசன்:

அக்கா சொன்னது நலோக்சோனைப் பற்றி. அதிலும் உங்கள் எட்டைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டீர்கள். மருந்து இறங்காது என்று நீங்களே இப்போது எழுதியிருக்கிறீர்கள். இறங்காத மருந்து அங்கே சும்மாவா உட்கார்ந்திருக்கும்? இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன்?

மருந்துப்பெட்டி:

சும்மா உட்கார்ந்திருக்காது. மூச்சை மந்தமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தைப் போடும் செல்களிலும் அதே மியூ ஏற்பிதான். மூச்சைப் பற்றி முதல் பதிவிலேயே எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. இன்னும் ஆய்வு வரவில்லை, காத்திருக்கிறேன்.

ஏற்பிநேசன்:

ஆய்வு என்னிடம் இருக்கிறது. இங்கே போட்டால் இரண்டு வரியைப் பிய்த்துக்கொண்டு மீதியை மறைப்பீர்கள் என்பதால் தனித் திரியில் முழுசாக எழுதுகிறேன். டோல், நைஸ்வாண்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக.

மருந்துப்பெட்டி:

எழுதுங்கள். அதில் டோல், நைஸ்வாண்டரை விட்டுவிடுங்கள், அது வலி ஆய்வு அல்ல. லாஸ்கர் விருதையும் விட்டுவிடுங்கள். ஒரே ஓர் எண் போதும்.

வரலாற்றுப்பித்தன்:

லாஸ்கரை ஏன் விட வேண்டும்? சைமனைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. புதுத் திரியில் "பெர்ட் கண்டுபிடித்த" என்று மறுபடி எழுதினால் நான் அங்கேயும் வருவேன்.

ஏற்பிநேசன்:

எழுதத்தான் போகிறேன்.